ஆக்சில் மாற்றிய வண்டிக்கு பிரேக் சாமான் தேடுவது எப்படி?

பழைய பிக்அப் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். பின் ஆக்சில் கம்பெனியில் மாட்டியது இல்லை, முன்பு வைத்திருந்தவர் வேறு எதிலிருந்தோ எடுத்துப் பூட்டியது என்று வாங்கிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. சேசிஸ் நம்பரைக் கொடுத்து இரண்டு முறை பிரேக் ஷூ வரவழைத்தீர்கள், இரண்டு முறையும் பொருந்தவில்லை. "எந்த மாடலுக்கான ஷூ கேட்டு வாங்க வேண்டும்?" என்று கேட்கிறீர்கள். நான் ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டால் மூன்றாவது முறையும் தவறான பெட்டிதான் வீட்டுக்கு வரும். வண்டியின் பெயர் பின் சக்கரத்தைப் பற்றி எதுவும் சொல்லாத நிலையில், அங்கே இருப்பது என்னவென்று நாமே எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் கேள்வியை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேல் ஒர்க்‌ஷாப்பிலும் ஸ்பேர் கவுண்டரிலும் மாறி மாறி நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் வண்டியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அடியில் குனிந்து பார்த்தால் சட்டத்திலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு ரப்பர் ஹோஸ் இறங்கும். அந்த ஹோஸ்தான் எல்லைக் கோடு. அதற்கு மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் வால்வு, ஏபிஎஸ் யூனிட், ஸ்டீல் பைப் எல்லாம் வண்டியோடு பிறந்தவை. சேசிஸ் நம்பர் கொடுத்து வாங்கலாம். கீழே இருக்கும் ஷூ, அது உள்ளே உரசும் டிரம், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர், இவற்றைத் தாங்கும் பேக்கிங் பிளேட், ஹப் பேரிங், ஆயில் சீல், வீல் ஸ்டட் எல்லாம் ஆக்சிலோடு வந்தவை. அவற்றுக்கு உங்கள் சேசிஸ் நம்பர் வெறும் எண், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கும் சாமான்களும் உண்டு: அந்த ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், சில வண்டிகளில் சுமையைப் பார்த்து அழுத்தத்தை மாற்றும் வால்வின் கம்பி. ஆக்சில் மாற்றிய வண்டிகளில் தலைவலி கொடுப்பது பெரும்பாலும் இந்த மூன்றும்தான். அவற்றுக்கு அப்புறம் வருகிறேன்.

ஆக்சில் எது என்று கண்டுபிடிப்பதில் பாதி வேலை அழுக்கைச் சுரண்டுவதுதான். டிஃபரன்ஷியல் கவரின் போல்ட் ஒன்றில் சின்னத் தகரப் பட்டை மாட்டியிருக்கிறதா பாருங்கள். ஃபோர்டு ஆக்சில்களில் அந்தப் பட்டையில் கியர் விகிதமும் கிரௌன் என்கிற பெரிய பல்சக்கரத்தின் அளவும் இருக்கும். 3எல்73 என்று இருந்தால் விகிதம் 3.73, நடுவில் உள்ள எழுத்து, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் அமைப்பைக் குறிக்கும். டானா கம்பெனி ஆக்சில்களில் ஹவுசிங் என்கிற வெளிக்கூட்டின் வார்ப்பிலேயே 44, 60, 70 என்று மாடல் எண் துருத்திக்கொண்டு நிற்கும். குழாயில் தனியாக ஒரு எண் வரிசை குத்தப்பட்டிருக்கும். அந்த வரிசை கிடைத்தால் அந்த ஆக்சில் முதலில் எந்த வண்டிக்காகத் தயாரானது என்பது வரை போகலாம். வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, சாக்பீஸைப் படுக்கவைத்துத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத எண்ணும் தெரியும். கவரின் போல்ட்களையும் எண்ணுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். டானா 44-க்கும் 10 போல்ட், டானா 60-க்கும் 10 போல்ட், ஃபோர்டு 8.8-க்கும் 10 போல்ட். கவரின் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். பின்னால் கழற்றும் கவரே இல்லாமல் மொத்தக் கியரும் முன்பக்கமாக வெளியே வருகிற மாதிரி இருந்தால் ஃபோர்டு 9 அங்குலமாக இருக்கலாம், டொயோட்டாவாகவும் இருக்கலாம். இன்னொன்று: தகரப் பட்டை போல்டோடு கழன்று வரக்கூடிய பொருள். யாராவது கவரை மாற்றியிருந்தால் வேறு ஆக்சிலின் பட்டை இங்கே வந்து உட்கார்ந்திருக்கும். வார்ப்பில் உள்ள எண்ணை நம்பலாம். பட்டையில் உள்ளதை இன்னொரு அடையாளத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை செய்து ஆக்சிலின் பெயரைக் கண்டுபிடித்தாலும் பிரேக்கின் பெயர் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஒரே ஆக்சில் பல வண்டிகளுக்குப் போகும். ஒவ்வொன்றிலும் வேறு அளவு பிரேக் உட்காரும். ஃபோர்டு 8.8 நல்ல உதாரணம். ஃபோர்டின் எக்ஸ்ப்ளோரர் வண்டியில் 1994 வரை பின்னால் டிரம், 1995-லிருந்து டிஸ்க். அதே கம்பெனியின் ரேஞ்சர் பிக்அப்பிலோ 9 அங்குல டிரம்மும் உண்டு, 10 அங்குல டிரம்மும் உண்டு. எக்ஸ்ப்ளோரரின் டிஸ்க் ஆக்சிலைக் கழற்றி ரேஞ்சரில் பூட்டுவது பல வருடமாக நடக்கும் வழக்கம். இரண்டுக்கும் வீல் போல்ட் வட்டம் ஒன்றுதான், 5 போல்ட், 114.3 மி.மீ. அதனால் பழைய வீலே ஏறிவிடும், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கவுண்டரில் போய் "ரேஞ்சர், பின் பிரேக்" என்று கேட்டால் ஷூதான் எடுத்து வைப்பார்கள். கடைக்காரர் மீது குற்றம் இல்லை, நாம் சொன்னதைத்தான் கொடுக்கிறார். இதைவிடச் சிக்கலான வண்டிகளும் உண்டு. ஹவுசிங் ஒரு வண்டியுடையது, பேக்கிங் பிளேட் இரண்டாவது வண்டியுடையது, டிரம் மூன்றாவது வண்டியுடையது என்று ஒருவர் கைக்குக் கிடைத்ததை எல்லாம் சேர்த்துக் கட்டியிருப்பார். அப்படிப்பட்ட வண்டிக்கு எந்த மாடல் பெயரும் செல்லாது. சாமானையே அளந்து வாங்க வேண்டியதுதான்.

ஆகவே டிரம்மைக் கழற்றுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகு. உள்ளே இருக்கும் தூசியை ஏர் பிடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். ஷூ மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் பழையதென்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். சக்கரத்தின் நடுவில் ஹப் துருத்திக்கொண்டு, ஆக்சில் ஷாஃப்டின் முகப்பு அதன் மேல் போல்ட் போட்டு நின்றால் அது ஃபுல் ஃப்ளோட்டிங் வகை. அதில் சிலவற்றுக்கு டிரம்மை எடுக்க ஹப்பையே கழற்ற வேண்டியிருக்கும். டிரம் வரவில்லையே என்று சுத்தியலால் அடிக்க ஆரம்பிக்காதீர்கள்.

டிரம் கையில் வந்ததும் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது, நானும் செய்திருக்கிறேன். டிரம்மின் வெளிப்பக்கம் வார்ப்பில் ஓர் அளவு இருக்கும். ஆரம்ப காலத்தில் ஒரு டிரம்மில் 280.9 என்று பார்த்துவிட்டு, 281 மி.மீ. டிரம் வேண்டும் என்று கேட்டு இரண்டு நாள் அலைந்தேன். எந்தக் கேட்லாக்கிலும் அப்படி ஒன்று இல்லை. அந்த எண் டிரம்மின் அளவே இல்லை. தேய்ந்து தேய்ந்து எதுவரை போகலாம் என்கிற எல்லை. டிரம் 11 அங்குலம், அதாவது 279.4 மி.மீ. இந்த ரக வண்டிகளில் எல்லை பெரும்பாலும் புதிய அளவைவிட ஒன்றரை மி.மீ. அதிகமாக இருக்கும். அதைக் கழித்துப் பார்த்தால் சுற்று அளவு ஒன்று வந்து நிற்கும்: 9, 10, 11 அங்குலம் அல்லது நல்ல மில்லிமீட்டர் எண். ஷூ உரசும் இடத்தில் அளந்தால் தேய்மானமும் சேர்ந்து வரும். விளிம்பில் ஷூ தொடாத ஒரு மேடு இருக்கும், துருவைச் சுரண்டிவிட்டு அங்கே அளந்தால் பழைய அளவுக்குக் கிட்டத்தட்ட வரும். டிரம்மை லேத்தில் கடைந்திருந்தால் அந்த மேடும் போயிருக்கும். டிஸ்க் என்றால் எழுதியிருப்பது குறைந்தபட்சத் தடிமன். அங்கேயும் அது புதிய அளவு இல்லை.

அடுத்து ஷூ. அகலம், வளைவின் நீளம், லைனிங் ஒட்டியதா ரிவெட் அடித்ததா, ஸ்பிரிங் மாட்டும் துளைகள் எங்கே இருக்கின்றன, மேலும் கீழும் எதில் முட்டி நிற்கிறது என்று எல்லாவற்றையும் பாருங்கள். அதே அகலம், அதே விட்டம் உள்ள ஷூவில் ஒரே ஒரு துளை மாறி இருப்பதுண்டு. ஹேண்ட் பிரேக் லீவர் அங்கே மாட்டாது. கழற்றும் முன் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள், ஒரு பக்கத்தை முடித்த பிறகு மறுபக்கத்தைப் பிரியுங்கள். ஒரு சக்கரத்தின் இரண்டு ஷூவில் ஒன்றின் லைனிங் குட்டையாகவும் மற்றது நீளமாகவும் இருந்தால் யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு ஷூ இன்னொரு ஷூவைத் தள்ளும் டுவோ-சர்வோ வகையில் குட்டை லைனிங் முன்பக்கம், நீள லைனிங் பின்பக்கம். அட்ஜஸ்டர் திருகின் மரை ஒரு பக்கம் வலதுமரை, மறுபக்கம் இடதுமரை. மாற்றிப் போட்டால் தானாக டைட் ஆக வேண்டியது தானாக லூஸ் ஆகும்.

லைனிங்கின் ஓரத்திலும் ஷூ தகட்டிலும் அச்சடித்த எண்கள் இருக்கும். எஃப்எம்எஸ்ஐ எண்ணோ, ஐரோப்பிய வகை என்றால் டபிள்யூவிஏ எண்ணோ கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அவை வண்டியின் எண் இல்லை, சாமானின் வடிவத்துக்கான எண். எந்தத் தயாரிப்பாளரின் கேட்லாக்கிலும் அதை வைத்துத் தேடலாம். கூடவே ஈஎஃப், எஃப்எஃப் மாதிரி இரண்டு எழுத்துகள் இருந்தால் உராய்வின் தரம்: முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில், இரண்டாவது சூடேறிய பிறகு. ஒரே ஆக்சிலில் இடது ஒரு தரம் வலது ஒரு தரம் என்று போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆனால் ஒன்று. பழைய ஷூவில் இருக்கும் எண், முன்பு யாரோ பொருத்திய ஷூவின் எண். அவர் சரியாகப் போட்டாரா என்பதற்கு அது சாட்சி இல்லை. லைனிங் முழு முகமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் நம்பலாம்; நுனியில் மட்டும் தேய்ந்து நடுவில் புதிதாக இருந்தால், வளைவு பொருந்தாத ஷூவை மாட்டியிருக்கிறார்கள்; நடுவில் மட்டும் தேய்ந்து நுனியில் புதிதாக இருந்தால், டிரம்மைக் கடைந்துவிட்டுப் பழைய வளைவிலேயே ஷூ போட்டிருக்கலாம்.

எனக்கு இதில் அதிகம் கவலை தருவது வீல் சிலிண்டர். வெளியே பார்க்க ஒரே மாதிரி, அதே இரண்டு போல்ட், அதே பேக்கிங் பிளேட். உள்விட்டம் மட்டும் 7/8 அங்குலமாகவோ ஒரு அங்குலமாகவோ இருக்கும். 22.2 மி.மீ., 25.4 மி.மீ. மூன்று மி.மீ. வித்தியாசத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். தள்ளும் விசை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே பெடல் அழுத்தத்தில் பெரியது 30 சதவீதம் கூடுதலாகத் தள்ளும். பெரும்பாலும் உடம்பிலேயே அளவு வார்ப்பாக இருக்கும். இல்லையென்றால் ரப்பர் கப்பை எடுத்துவிட்டு வெர்னியரால் உள்விட்டத்தை அளக்கவும். இடது வலது இரண்டையும் அளக்கவும், ஒன்றை மட்டும் பார்த்து ஆர்டர் போட வேண்டாம்.

சரி, இப்போது எல்லையில் நிற்கும் சாமான்கள். ஹோஸின் ஒரு முனை வண்டியின் பைப்பில், மறுமுனை ஆக்சிலில் உள்ள ‘T’ வடிவ இணைப்பில். ஒன்று அங்குல மரை, மற்றது மில்லிமீட்டர் மரை என்று வந்தால் ஆபத்து ஆரம்பம். 3/8 அங்குல 24 மரை (அங்குலத்துக்கு 24 மரை) நட்டின் விட்டம் 9.5 மி.மீ. அது எம்10×1 (10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை இடைவெளி) துளைக்குள் கையாலேயே சுகமாக ஏறும், ஸ்பேனர் போட்டால் பிடித்த மாதிரியும் இருக்கும். ஓங்கி மிதிக்கும்போது பைப்புக்குள் 70 பாருக்கு மேல் அழுத்தம் போகும். அப்போது தெரியும் அது பிடித்ததா இல்லையா என்று. பைப் முனையை விரித்த வடிவமான ஃப்ளேரும் இரண்டு வகை: உள்ளே மடிந்த இரட்டை ஃப்ளேர், குமிழ் மாதிரி உருண்ட ஃப்ளேர். ஒன்றுக்கு மற்றது சேராது, டெஃப்ளான் டேப் சுற்றி ஒப்பேற்றவும் கூடாது. மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சின்னப் பொருள். ஹோஸ் நீளத்தை ஆக்சில் முழுவதும் கீழே தொங்கும் நிலையில் பாருங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போது போதுமான நீளமாகத் தெரிவது, பள்ளத்தில் இறங்கும்போது இழுபடும். ஹேண்ட் பிரேக் கேபிளுக்கு நேர்வழி எதுவும் கிடையாது. முன் துண்டு உங்கள் வண்டியுடையது, பின் துண்டு ஆக்சில் எங்கிருந்து வந்ததோ அந்த வண்டியுடையது, நடுவில் இணைப்பு. நீளம் ஒத்துவராவிட்டால் அளவு கொடுத்துக் கேபிள் செய்து வாங்குவதுதான் நல்லது. பின்னால் டிஸ்க் இருந்தால், அதன் நடுக் கிண்ணத்துக்குள் ஹேண்ட் பிரேக்குக்கென்று தனியாகச் சின்ன ஷூ இருக்கிறதா பாருங்கள், எக்ஸ்ப்ளோரரில் அப்படித்தான். பேட் வாங்கியவர்கள் இந்த ஷூவை மறந்துவிடுவார்கள்.

மூன்றாவது, சுமை வால்வு. சட்டத்தில் வால்வு, அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்கு. பாரம் ஏறி வண்டி அமுங்கினால் கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். புது ஆக்சிலில் அந்தக் கம்பிக்கான காது இருக்காது. என்ன செய்வார்கள்? கட்டுக்கம்பியால் மேலே தூக்கிக் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டிய வண்டிகளை நான் எண்ணி மாளாது. மேலே கட்டினால் எப்போதும் பாரம் ஏற்றிய வண்டி என்று வால்வு நினைத்துக்கொள்ளும், காலி வண்டியில் மிதித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். கீழே தொங்கவிட்டால் பாரத்தோடு போகும்போது பின் பிரேக் இருக்கிறதா என்றே தெரியாது.

சாமான் பொருந்துவது வேறு, பிரேக் சரியாக இருப்பது வேறு என்று நான் சொல்வது இதனால்தான். மிதித்தவுடன் எடை முன்னால் சாயும். காலி பிக்அப்பின் பின்பகுதி காகிதம் மாதிரி லேசாகிவிடும். அப்போது பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழலும். பெரிய வீல் சிலிண்டர், பெரிய டிரம், பழைய மாஸ்டர் சிலிண்டர் என்று சேர்ந்தால் ஒவ்வொன்றும் தனியாக நல்ல சாமானாக இருந்தும் இந்த நிலை வரும். டிரம் போய் டிஸ்க் வந்திருந்தால் வேறு விதமான தொல்லை. சில பழைய டிரம் பிரேக் அமைப்புகளில் 10 பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தைப் பைப்பிலேயே பிடித்து வைக்கும் சிறு வால்வு உண்டு. டிஸ்க் பிரேக்கில் அது டிஸ்க்கைப் பிடிக்கும் பேடை எப்போதும் உரசவைக்கும். பேடை அழுத்தும் காலிப்பருக்கு வீல் சிலிண்டரைவிட அதிக ஆயிலும் வேண்டும், மாஸ்டர் சிலிண்டர் சின்னதாக இருந்தால் பெடல் கீழே போகும். உங்கள் வண்டியில் இந்தச் சமநிலை எப்படி இருக்கிறது என்று நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. முன் காலிப்பர் பிஸ்டன் விட்டமும் மாஸ்டர் சிலிண்டர் விட்டமும் தெரிந்தால் கணக்குப் போட்டு ஓரளவு ஊகிக்கலாம். மீதியை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஏபிஎஸ் இருந்தால், புது ஆக்சிலில் சென்சார் படிக்கும் பல் வளையத்தின் பற்களை எண்ணி, பழைய ஆக்சிலுக்கு உரிய எண்ணிக்கையோடு ஒத்துப் பாருங்கள். எண்ணிக்கை மாறினால் கம்ப்யூட்டர் அந்தச் சக்கரம் வேறு வேகத்தில் சுற்றுகிறது என்று எடுத்துக்கொள்ளும். விளக்கு எரியாவிட்டாலும் தவறான நேரத்தில் பிரேக்கை விடலாம்.

இதைப் படிக்கும் யாராவது ஏர் பிரேக் உள்ள பெரிய லாரி வைத்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 16.5 × 7 அங்குலம் என்று அளந்து ஷூ கேட்டால் போதாது. 4515, 4707 என்ற எண் உள்ள ஷூக்கள் இரண்டும் அதே அளவுதான், ஆனால் ஷூ வேறு. எண்ணைப் பார்த்துக் கேட்கவும். பிரேக்கைத் திருப்பும் கையான ஸ்லாக் அட்ஜஸ்டருக்கு, உள்ளே இருக்கும் ஸ்ப்லைன் பற்களின் எண்ணிக்கையும் கையின் நீளமும் முக்கியம். அந்தக் கையைக் காற்றழுத்தத்தால் தள்ளும் சேம்பர் டைப் 30 என்றால், அதில் கை 5.5 அங்குலத்திலிருந்து 6 ஆனால் திருகு விசை 9 சதவீதம் ஏறும், அதனால் ஒரே ஆக்சிலில் இரண்டு நீளம் போடக் கூடாது. நீள ஸ்ட்ரோக் சேம்பருக்கு ஏர் இணைப்புத் துளையைச் சுற்றிச் சதுர மேடு இருக்கும். சாதாரண சேம்பரோடு ஜோடி சேர்க்க வேண்டாம். ஸ்பிரிங் சேம்பரின் பட்டையை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

உங்கள் வண்டிக்குத் திரும்பினால், சாமானை மாட்டி, பிரேக் பைப்பில் சிக்கிய ஏரை வெளியே எடுத்து, முதலில் நின்ற இடத்திலேயே பெடலை ஓங்கி மிதித்து அரை நிமிடம் பிடியுங்கள். ஹோஸ் இணைப்புகளில் கசிவு இருந்தால் அப்போதே தெரியும். பிறகு ஆள் இல்லாத இடத்தில் மெதுவாகப் போய், கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டிப் பாருங்கள். எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று வெளியே நின்று ஒருவர் பார்க்கட்டும். பத்துப் பதினைந்து தடவை நிறுத்திய பிறகு நான்கு டிரம்/டிஸ்க் வெப்பத்தையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் எடுங்கள். இடது வலது கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சூடாக இருந்தாலோ, பின் சக்கரம் முதலில் பூட்டினாலோ வண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோகாமல், பிரேக் வேலை மட்டும் பார்க்கும் ஒருவரிடம் காட்டுங்கள்.

அதற்கு முன் டிரம்மைத் திறந்ததும் ஹவுசிங் வார்ப்பு எண், டிரம்மில் உள்ள எல்லை அளவு, ஷூவின் அகலம், இரண்டு வீல் சிலிண்டரின் உள்விட்டம், ஷூவைக் கழற்றும் முன் எடுத்த ஒரு படம், இத்தனையும் எழுதி அனுப்புங்கள். எந்த வண்டியின் பிரேக் உங்கள் ஆக்சிலில் உட்கார்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும். கவுண்டருக்குப் போகும்போது வண்டிப் பெயரைச் சொல்லாமல் பழைய ஷூவையும் சிலிண்டரையும் சாம்பிளாகக் கையில் எடுத்துப் போங்கள்.